மிஷின் ஓடிக்கினு கீது

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்தபோது எனக்கு ஒரு வேலை இருந்தது. அது வேலைதான் என்று அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒருத்தி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடியில் கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், பாட்டுக் கேட்கிறாள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நான் கேட்டது பாட்டு இல்லை. அமெரிக்காவில் எங்கோ ஒரு டாக்டர், தான் பார்த்த நோயாளியைப் பற்றி வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்தப் பதிவு சென்னையில் ஒரு கம்பெனி வழியாக டெலிபோன் கம்பியில் என்னிடம் வரும். நான் கேட்டுக் கேட்டு அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். காலடியில் ஒரு மிதிகட்டை கொடுத்திருந்தார்கள். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். அந்த வீட்டில் என் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

லேப்டாப் என் கணவர் சென்னையில் யாரிடமோ வாங்கி வந்த பழைய சாமான். நல்ல கனம். திறந்து அரை மணி நேரத்தில் அடிப்பாகம் சூடேறிவிடும். மடியில் வைத்தால் தொடை தகிக்கும். புடவை, பாவாடை இரண்டையும் தாண்டி அந்தச் சூடு இறங்கி, சில மாதங்களில் என் தொடைகளில் வலை விரித்த மாதிரி சிவப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. மேசை ஒன்று வாங்கலாமே என்றால் அந்த அறையில் மேசை போட இடமில்லை. பீரோ, பாவு நூல் மூட்டை, அரிசி மூட்டை, சுருட்டி வைத்த பாய்கள், இவற்றுக்கு நடுவில் நான் ஒருத்தி உட்காரத்தான் இடம். டெலிபோன் கம்பியும் பிளக் பாயிண்ட்டும் சேர்ந்து இருந்த ஒரே அறை அதுதான் என்பதால் என்னையும் அங்கே வைத்துவிட்டார்கள்.

அது பட்டு நெய்கிற வீடு. கூடத்தில் மாமனாரின் குழித்தறி. ஊடை நூலைத் தாரில் சுற்றுவது, அறுந்த இழை முடிவது எல்லாம் என் மாமியார், அத்தை. என் கணவர் வாலாஜாபாத்தில் மோட்டார் சாமான் கடை ஒன்றில் வேலை பார்த்தார். காலை பஸ்ஸில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். அவருடைய அண்ணன் சென்னையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவார். அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் அவருக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டில் முக்கால்வாசி வேலை அக்கா தலையில்தான் இருந்தது. நான் வந்த பிறகு அது பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் ஒரு நாள் சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏனாத்தூருக்குப் போயிருப்பேன், அம்மா வீடு அங்கேதான். இவர்களோ அன்பாகவே என்னை ஒரு நிமிடம் தனியாக விடமாட்டார்கள். குளிக்கப் போனால் தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் நின்று அத்தை கதை சொல்வார். தலை வாரினால் சின்னப் பிள்ளை முதுகில் ஏறும். என் அறைக்குக் கதவு இருந்தது, ஆனால் பகலில் கதவைச் சாத்தினால் உடம்புக்கு என்ன என்று மூன்று பேர் விசாரிக்க வருவார்கள். அதனால் ஒரு திரைச்சீலை மட்டும் தொங்கியது. கல்யாணமான நான்காவது மாதம் ஒரு நாள், கடைசியாக நான் எப்போது தனியாக இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

வேலை நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பாடு வரும்.

"ஏம்மா, அரிசி களைஞ்சி வையேன்."

"இதோ வரேன் அத்த, கொஞ்சம் வேலை கீது."

"உக்காந்துகினுதான கீற? ஒரு நிமிசம் வந்துட்டு போ."

ஹெட்போனைக் கழற்றி, மிதிகட்டையிலிருந்து காலை எடுத்து, அரிசி களைந்துவிட்டுத் திரும்பி வந்தால் டாக்டர் எந்த உறுப்பில் நின்றார் என்பது மறந்திருக்கும். அப்படி ஒரு நாள் வலது முழங்கால் என்று அவர் சொன்னதை இடது என்று அடித்து அனுப்பிவிட்டேன். கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிற அம்மாள் போன் செய்து, இன்னொரு முறை இப்படி வந்தால் வேலையே கிடையாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "முட்டி எந்தப் பக்கம்னு பாக்கற டாக்டருக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

இதே வீட்டில் மாமனாரை யாரும் கூப்பிடமாட்டார்கள். தறி வீட்டில் அது ஒரு கட்டுப்பாடு. தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை தறியில் இருப்பவரை எழுப்பக் கூடாது, நடுவில் எழுந்தால் அடிக்கிற அடி மாறிப்போய்த் துணியில் கோடு விழும் என்பார்கள். வாசலில் விருந்தாளி வந்து நின்றாலும் சரி, சத்தம் நிற்கிறவரை காத்திருந்துதான் சொல்வார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கே அது தெரியும். தாத்தாவிடம் காசு கேட்க வருவான், தறிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பான், சத்தம் நின்றதும் கேட்பான். ஆக அந்த வீட்டில் வேலை என்றால் சத்தம். சத்தம் வராத எதுவும் சும்மா உட்கார்ந்திருப்பது. நான் தட்டுகிற தட்டு திரைச்சீலையைக்கூடத் தாண்டாது.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். மாமனார் தறியை விட்டு எழுந்து, மத்தியானச் சாப்பாட்டை முடித்துப் படுத்துவிட்டார். அத்தை கூடத்தில், என் திரைச்சீலைக்கு இரண்டு முழம் தள்ளிப் பாய் விரித்திருந்தார். கரண்ட் போய்விட்டது. தலைக்கு மேல் ஓடிய ஃபேன் நின்றது, லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. தொடை எரிச்சல் தாங்காமல் அன்று தலையணை ஒன்றை மடியில் போட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்திருந்தேன். பக்கவாட்டில் காற்றுப் போகிற துளைகளைத் தலையணை அடைத்துக்கொண்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. உள்ளே இருந்த குட்டி ஃபேன் முதலில் முனகியது, பிறகு இரைந்தது, பிறகு மாவு மில் மாதிரி ஓங்கிக் கத்த ஆரம்பித்தது. கரண்ட் இல்லாத, தறி ஓடாத அந்த வீட்டில் வேறு ஒரு சத்தமும் இல்லை.

திரைச்சீலை விலகியது. அத்தை. ஏதோ சொல்லத்தான் வந்தார். வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு கீழே என் காலைப் பார்த்தார். நான் மிதிகட்டையை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தேன். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று விளங்கிய மாதிரி இருந்தது. திரையை மூடிவிட்டுப் போனார். ஹெட்போனுக்குள் டாக்டர் மூச்சு வாங்கிய நேரத்தில், அடுப்படியில் அவர் அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அவள கூப்புடாத. மிஷின் ஓடிக்கினு கீது. கால்ல மிதிச்சிகினு கீறா."

அன்றைக்கு முதல் தடவையாக ஒரு முழுப் பதிவையும் எழுந்திருக்காமல் அடித்து முடித்தேன். முடித்துவிட்டு லேப்டாப்பைத் தரையில் இறக்கி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் சத்தம் அடங்கியது. ஆறாவது நிமிடம் அத்தை கூப்பிட்டார்.

"மிஷின் நின்னுட்ச்சி போலக் கீதே. வந்து இந்த மொளகாய காம்பு கிள்ளும்மா."

எனக்குச் சட்டம் புரிந்துவிட்டது.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். தலையணையை வைத்தால் பத்து நிமிடத்தில் இரைச்சல். எடுத்தால் அமைதி. கூடவே வைரஸ் தேடுகிற வேலையை முழு மெஷினுக்கும் கொடுத்துவிட்டால் இரைச்சல் இன்னும் ஓங்கும், அது பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் தேடும். ஆறாம் மாதத்தில் அந்த ஊரிலேயே, ஏன், இந்த மாவட்டத்திலேயே என்னுடைய லேப்டாப்பைப் போல வைரஸ் தேடப்பட்ட லேப்டாப் இருந்திருக்காது.

காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் அன்றைய வேலையை முடித்துவிடுவேன். தறி ஓடுகிற நேரமாதலால் என் சத்தம் எடுபடாது, கூப்பாடுகளுக்கு எழுந்து எழுந்துதான் முடிப்பேன். சாப்பாடு ஆகி, மாமனார் படுத்துத் தறி நின்றதும் அறைக்குள் வந்து, தலையணையைப் போட்டு, தேடலைத் தட்டிவிட்டு, இரைச்சல் பிடித்ததும் தரையில் மல்லாந்து படுத்துவிடுவேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பரீட்சைக்குப் படித்தேன், கதை எழுதினேன் என்று ஏதாவது சொல்ல முடிந்தால் கௌரவமாக இருக்கும். நான் ஒன்றும் செய்யவில்லை. உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடலை மிட்டாய் ஒன்றைப் பங்கு கொடுக்காமல் தின்றேன். சில நாள் அழுதேன், அதற்கும் காரணம் கிடையாது. இரண்டு மணியிலிருந்து மூன்றரை மணிவரை நான் யாருடைய மருமகளும் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் இல்லாவிட்டால் நான் அந்த வீட்டில் ஓர் ஆண்டு தாண்டியிருக்க மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

அறை கொதிக்கும். அரிசி மூட்டையே சூடாக இருக்கும். அந்த லேப்டாப்பிலிருந்து வருகிற அனல் தரையோடு வந்து என் கன்னத்தில் படும். வெளியே போனால் காற்று உண்டு, வேப்ப மரம் உண்டு, மனிதர்களும் உண்டு. நான் அனலையே எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளியது அக்கா.

ஒரு நாள் துணி மடித்து வைக்க அவர் உள்ளே வந்தார். இரைச்சலில் திரை விலகியது எனக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் கையில் துணிக்குவியலோடு நிற்கிறார். தரையில் நான், தலையணைக்குள் லேப்டாப், சுவரோரமாக மிதிகட்டை. ஹெட்போன் ஆணியில் தொங்குகிறது. எழுந்து உட்கார்ந்தேன். மானம் போய்விட்டது என்று நினைத்தேன். அக்கா தலையணையைப் பார்த்தார். குனிந்து அதன் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினார். சத்தம் குறைந்தது. மறுபடி வைத்தார். சத்தம் ஏறியது.

"எவ்ளோ நாளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு மாசமா" என்றேன். "அத்தைகிட்ட சொல்லிடாதீங்கக்கா."

அவர் துணிகளைப் பீரோவில் வைத்தார். ஒவ்வொன்றாக, நிதானமாக வைத்தார். வைத்து முடித்தும் போகவில்லை. பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நானும் கொஞ்ச நேரம் படுத்துக்கட்டா?"

பாய் சுருளைத் தள்ளி இடம் பண்ணினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். படுத்த மறு நிமிடமே தூங்கிப்போனார். அவர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஏழு வருடம், பகலில் அவர் படுத்து யாருமே பார்த்ததில்லை. அவருடைய குதிகால் வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னப் பிள்ளை வெளியே அம்மா அம்மா என்று தேடியது. அத்தையின் குரல் கேட்டது.

"உள்ள போவாதடா. சித்தி மிஷின் ஓட்டிக்கினு கீறா. அம்மாவும் கத்துக்கினு கீறா போல."

அத்தையே காரணத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அக்கா தினமும் மூன்று மணிக்கு, பாத்திரம் தேய்த்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவார். டைப்பிங் கற்றுக்கொள்கிறார் என்று வீட்டில் பேச்சு. "கத்துக்கட்டும், நாளிக்கு உதவும்" என்று மாமனார்கூடச் சொன்னார். அக்கா ஒரு எழுத்தையும் தொடவில்லை. அரை மணி நேரம் தூங்குவார், எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார். நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் பேசிக்கொண்டதே குறைவு. என் தனிமையில் பாதி போய்விட்டதே என்று முதல் வாரம் எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு அவர் வராத நாளில் நான்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இரண்டாவது கோடையும் வந்தது. ஒரு மத்தியானம், இரைச்சல் உச்சத்தில் இருந்தபோது, டக்கென்று எல்லாம் நின்றது. லேப்டாப்பின் திரை கறுத்தது. ரப்பர் பொசுங்கிய வாடை வந்தது. அக்கா தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். நான் தலையணையைப் பிடுங்கினேன். அடியில் உறை பழுப்பேறியிருந்தது. லேப்டாப்பைத் தொட முடியவில்லை.

"நின்னுட்ச்சா?" என்று கூடத்திலிருந்து அத்தை கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அக்கா வெளியே போய்விட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் லேப்டாப்பைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை. சில நாள் முன்னால்தான் என் தொடையிலிருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து கொடுத்திருந்தார். "இந்தச் சூட்டுல எப்படித்தான் உக்காந்துகினு கீறயோ" என்றார். "காஞ்சிபுரத்துல ஒரு மெக்கானிக் கீறான். எடுத்துகினு போறேன். நீ கவலப்படாத."

லேப்டாப் பத்து நாள் காஞ்சிபுரத்தில் இருந்தது. எனக்குச் சேர வேண்டிய பதிவுகளைக் கம்பெனியில் வேறு யாருக்கோ மாற்றிவிட்டார்கள், திரும்பி வந்ததும் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அந்தப் பத்து நாளும் நான் காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரை எல்லோருடைய கூப்பாட்டுக்கும் எழுந்து போகிறவளாக இருந்தேன். யாரும் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. மாவு அரைத்தேன், தார் சுற்றினேன், பிள்ளைகளுக்கு ஊட்டினேன், அத்தையின் தங்கை மகள் கல்யாணக் கதையை முழுசாக இரண்டு தடவை கேட்டேன். மூன்று மணி ஆனால் எனக்கும் அக்காவுக்கும் கண் சந்திக்கும். "எப்ப வருமாம்?" என்று அவர் கேட்பார். "சனிக்கெழம" என்பேன். சனிக்கிழமையும் வராது. ஒரு நாள் மத்தியானம் அக்கா அடுப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கி, கத்திரிக்காய் அரிகிற அருவாமணையில் விரலை வைத்துவிட்டார். துணி சுற்றிக்கொண்டு மறுபடி அரிந்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அத்தை மேல் இல்லை. நான் தலையணையை அழுத்தி அழுத்தி வைத்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

பதினோராம் நாள் என் கணவர் லேப்டாப்போடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள மெத்தையே கீதாம். இலவம்பஞ்சு, பட்டு நூல் தூசி, எல்லாம் சேந்து ஃபேனையே சுத்த வுடாம புடிச்சிகினு இருந்துச்சாம். புது ஃபேன் போட்டுட்டான். எதோ பசை மாதிரி ஒண்ணு தடவணும்னான், அதையும் தடவச் சொல்லிட்டேன். இனிமே உனுக்குச் சூடே தெரியாது." பிறகு ஞாபகம் வந்தவராகச் சேர்த்துச் சொன்னார். "சத்தமும் வராது. அவன் தனியா கூட்டிப்போயி காதுல வச்சிக் காட்டினான்."

மரத்தால் ஒரு சின்னப் பலகையும் செய்து வாங்கி வந்திருந்தார், கீழே காற்றுப் போக நாலு கால் வைத்து. எனக்காகத்தான். தச்சரிடம் நின்று அளவு சொல்லிச் செய்திருக்கிறார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் மனதை நோகடிக்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு ஆனதும் உட்கார்ந்தேன். தலையணையைப் போட்டேன். தூசி எடுத்த துளைகள் வழியாகக் காற்று எப்படியோ போய்வந்தது. வைரஸ் தேடலைத் தட்டிவிட்டேன். கால் மணி நேரம் ஆனது. காதை ஒட்டி வைத்தால், தூரத்தில் யாரோ பெருமூச்சு விடுகிற அளவுக்கு ஒரு சத்தம். என் மடியில் இதமான வெதுவெதுப்பு. போர்வையைச் சுற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த மெக்கானிக் தன் தொழிலைச் சுத்தமாகச் செய்திருந்தான்.

"ஏம்மா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வேலை செஞ்சிகினு கீறேன் அத்த."

"மிஷின் ஓடவே இல்லியே."

"ஓடுது அத்த. சத்தம் வராது இப்ப."

அவர் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, எந்தக் கோபமும் இல்லாமல், "செரி, அப்ப இந்தப் பூண்ட உரிச்சிகினே ஓட்டு" என்று சொல்லி ஒரு முறத்தைத் திரைக்கு அடியில் உள்ளே தள்ளினார்.

நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது மணி மூன்றானது. அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார், விரலில் துணிக்கட்டு இன்னும் இருந்தது. திரையை விலக்கியவர் ஒரு காலை உள்ளே வைத்து நின்றார். அறையில் சத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்தார். என் மடியிலிருந்த முறத்தையும், பக்கத்தில் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்த லேப்டாப்பையும் பார்த்தார்.

"மறுபடியும் கெட்டுப்பூட்ச்சா?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன். "சரியாயிட்ச்சி."

அக்கா வைத்த காலை வெளியே எடுத்துக்கொண்டார்.